சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரம்

சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் நான் இல்லை. "உடம்பு சரியில்லையா?" என்று சிலர் அக்கறையாகக் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. நான் கல்யாணமானவள்தான் என்று அரசாங்கத்துக்கு நிரூபித்துக்கொண்டிருந்தேன். முழுநேர வேலை அது!

என் கணவர் பெயர் மின். வியட்நாம்காரர். துறைமுக ஊரான ஹைஃபாங்கில் பிறந்தவர். ஓசூரில் நான் பர்ச்சேஸ் பிரிவில் இருக்கும் உதிரிபாகக் கம்பெனிக்கு ஒரு மோல்டிங் மெஷினை நிறுவ வந்தார். மெஷினை ஓடவிட்டுவிட்டு ஊருக்குப் போனார். அப்புறம் எனக்காகத் திரும்பி வந்தார்.

நாற்பதைத் தாண்டிய இரண்டு பேர். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டோம். பக்கத்து மெஸ்ஸில் சாப்பிட்டோம். நான் மதிய ஷிப்டுக்குப் போனேன், அவர் வீட்டுக்குப் போய்த் தூங்கினார். அவ்வளவுதான் கல்யாணம். மேளம் இல்லை, மண்டபம் இல்லை, போட்டோகிராபர் இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்ட வக்கீல் தன் போனில் எடுத்துக் கொடுத்த ஒரே ஒரு படம்தான் எங்கள் ஆல்பம்.

அவருக்குக் கிடைத்தது இங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாத விசா. அதனால் வீட்டில் சமைக்கிறார். ஹவுஸ் ஓனர் அம்மாவின் மோட்டாரை ரிப்பேர் செய்கிறார். அந்த அம்மாவுக்குத் தாய்மொழி தெலுங்கு, பேசுவது தமிழ், திட்டுவது கன்னடத்தில். மூன்றையும் அவரிடமிருந்துதான் என் கணவர் கற்றுக்கொண்டார். 'நீங்க' மட்டும் வரவில்லை. எல்லோருக்கும் 'நீ'தான். நானும் திருத்திப் பார்த்து அலுத்து, பதிலுக்கு 'நீ' என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

இந்த வருஷம் விசாவை நீட்டிக்க வேண்டும். அதற்கு நான் ஸ்பான்சர். ஆன்லைனில் விண்ணப்பம்.

ஆன்லைன் என்றால் வீட்டிலிருந்தே முடிந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இன்னமும் இருக்கிறீர்களா? ஏற்றியதை எல்லாம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு நேரில் வரச் சொன்னார்கள். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். மறுபடியும் நான் அங்கேதான் போய் நின்றாக வேண்டும்.

மேஜைக்குப் பின்னால் இருந்தவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"பொண்ணு எங்கம்மா?"

"எந்தப் பொண்ணு சார்?"

"வெளிநாட்டுப் பொண்ணு. உங்க தம்பி சம்சாரமா? இவரு யாரு, அவங்க அண்ணனா?"

"இவர்தான் சார் வெளிநாட்டுக்காரர். என் வீட்டுக்காரர். நான்தான் ஸ்பான்சர்."

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஆண் யாராவது ஒளிந்திருக்கிறாரா என்று தேடினார் போலும்.

"லேடீஸா ஸ்பான்சர்? ஏம்மா, நீங்க அவங்க ஊருக்குப் போயிட்டா இந்த ரோதனையே இல்லியே? பொண்ணுல்லா போவணும்?"

எந்தச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்று கேட்டேன். சிரித்தார். சட்டம் கேட்கிற பெண்களைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார்களே... அது. திருநெல்வேலிப் பேச்சு அவருடையது. வேலைக்காக அவரே எட்டு மாவட்டம் தாண்டி இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார். மனைவிக்காக ஒருவன் கடல் தாண்டி வந்ததுதான் அவருக்கு ஜீரணமாகவில்லை!

பிறகு அந்த வக்கீல் எடுத்த போட்டோவைக் கையில் எடுத்தார்.

"இது ஒண்ணுதானா? இதுலயும் தள்ளித் தள்ளி நிக்கிறீங்க. ரெண்டு பேர் மூஞ்சியிலயும் சிரிப்பே இல்ல. சேர்ந்து வாழ்றதுக்கு ஆதாரம் வேணும்மா. பொங்கல், தீபாவளி, கோயில், டூர்... பாத்தா புருஷன் பொண்டாட்டின்னு தெரியணும்."

"நாங்க போட்டோ எடுத்துக்கிற ஆளுங்க இல்ல சார்."

குரலைத் தாழ்த்தினார். "ஸ்டுடியோவுல சொன்னா எடுத்துத் தருவாங்க. சட்டைய மட்டும் மாத்தி மாத்திப் போட்டுக்குங்க."

அதாவது, உண்மையான கல்யாணத்துக்குப் பொய்யான போட்டோ. ஆலோசனை சொல்பவர் யார்? பொய்க் கல்யாணங்களைக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர்!

போனோம். எனக்கு வெட்கம்தான், ஆனாலும் மூன்று புடவையோடு போனேன். ஓசூரில் ஒரு ஸ்டுடியோ. எங்களுக்குப் பின்னால் ஒரு அருவிப் படத்தை இறக்கிவிட்டார் ஸ்டுடியோக்காரர்.

"சார், கைய மேடம் தோள்ல போடுங்க. நல்லா சிரிங்க."

மின் திரும்பி அருவியைப் பார்த்தார். "இது என்னா?"

"ஒகேனக்கல்," என்றேன்.

"நாம போகல."

"போன மாதிரி."

"பொய்யா?"

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

அந்த வாரமே ஹைஃபாங்கிலிருந்து போன். அவருடைய அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் செய்ய வேண்டும்.

சாதாரண மனுஷன் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவான். மின்னால் முடியாது. பழைய விசா முடிந்து, நீட்டிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. நாட்டை விட்டுப் போகத் தனியாக ஓர் அனுமதி வாங்க வேண்டும். போனால் விண்ணப்பம் காலி. திரும்பி வர முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எப்போது கிடைக்கும்? கிடைக்குமா? யாரும் பதில் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் சண்டை வெடித்தது.

"அம்மா விழுந்தாச்சு. நான் போணும்."

"போனா ஃபைல் க்ளோஸ்! அப்புறம் நீ எப்ப வருவேன்னு யாருக்குத் தெரியும்?"

"ஃபைல் பெருசா, அம்மா பெருசா?"

"நீ அன்னைக்கு ஸ்டுடியோவுல சிரிச்சிருந்தா இந்நேரம் எல்லாம் முடிஞ்சிருக்கும்!"

"நீ சிரிச்சியா? நீயும் சிரிக்கல!"

தோசைக்கரண்டியை சிங்க்கில் எறிந்தார். பதிலுக்கு எறிய என் கையில் எதுவும் இல்லாததால் இன்னும் சத்தமாகக் கத்தினேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை? தெரிந்தேதான் கத்தினேன். அவர் திரும்பி வர முடியாமல் போய்விடுமோ என்ற பயம் எனக்கு. அதைப் பயமாகச் சொல்லத் தெரியவில்லை.

யாரோ இருமினார்கள். வாசலில் ஒரு பெண் ஹெட் கான்ஸ்டபிள் நின்றிருந்தார். விசா விசாரணைக்கு வந்தவராம். பக்கத்தில் ஹவுஸ் ஓனர் அம்மா, முந்தானையைச் செருகிக்கொண்டு, முழுத் தயாராக.

"தினமும் இப்படித்தானா?" என்றார் ஹெட் கான்ஸ்டபிள்.

"தினமும்லாம் இல்லீங்க. ஞாயித்துக்கிழமைன்னா ஜாஸ்தி. மூஞ்ச தூக்கி வெச்சிக்கினே ரெண்டு பேரும் ஒரே வண்டியில மார்க்கெட்டுக்குப் போவாங்க. வரும்போது பாத்தா சிரிச்சிக்கினு வருவாங்க. வெக்கமே இல்ல," என்றார் ஹவுஸ் ஓனர் அம்மா.

ஹெட் கான்ஸ்டபிள் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. தாளில் என்னமோ எழுதினார். "புருஷன் பொண்டாட்டிதான். ரிப்போர்ட் போட்டுர்றேன். கதவ சாத்திக்கினு சண்டை போடுங்கம்மா, தெருமுனை வரைக்கும் கேக்குது."

முடிந்தது என்றுதான் நீங்களும் நினைத்திருப்பீர்கள். நானும் நினைத்தேன்.

ரிப்போர்ட் மேலே போனது. மேலே இருந்தவர் எங்கள் சண்டையைக் கேட்டவர் இல்லையே? பதில் வந்தது: 'புகைப்பட ஆதாரம் போதாது.'

அன்று மாலை நானே மின்னை உட்கார வைத்து, வெளியேறும் அனுமதிக்கு எழுதிக் கொடுத்தேன். ஏர்போர்ட்டில் அவர் வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். வாங்க மாட்டேன் என்றேன். "பூட்டு மாத்திடாத," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பும் வழியில், ஓசூர் எல்லையில் உள்ள அத்திப்பள்ளி சுங்கச்சாவடி வரும்வரை டாக்சி டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே வந்தார், பாவம். அழுகிற பெண்ணிடம் எந்த மொழியில் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அப்புறம் புது விண்ணப்பம். முதல் கேள்வி என்ன தெரியுமா? கணவனும் மனைவியும் தற்போது சேர்ந்து வாழ்வதற்கான ஆதாரம்!

பிரித்து அனுப்பியது யார்? கேட்பது யார்? சிரிப்பதற்குக்கூட எனக்குத் தெம்பு இல்லை.

லீவு போட்டேன். வியட்நாம் போக ஆன்லைனில் விண்ணப்பித்தேன். அவர்கள் ஆன்லைன் என்றால் நிஜமாகவே ஆன்லைன்தான். பயணத்தின் நோக்கம்? சுற்றுலா. கட்டிய கணவனைப் பார்க்கச் சுற்றுலாப் பயணியாகப் போனேன்.

ஹைஃபாங் மருத்துவமனையில் மாமியாரும் நானும் பேசிக்கொள்ள ஒரு பொது வார்த்தை இல்லை. கஞ்சி ஊட்டினேன், தலை வாரினேன். தலையணையை எப்படி வைப்பது என்று மின்னும் நானும் சண்டை போட்டோம். அவருடைய அம்மா அதைப் பார்த்து, இடுப்பு வலியோடு, விழுந்து விழுந்து சிரித்தார். மருமகள் எந்தத் தினுசு என்று அவருக்குப் புரிந்துவிட்டது. எந்தத் தாளும் கேட்கவில்லை.

அவர் வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்த வாரம், மின்னும் நானும் விசாவுக்காகத் தலைநகரில் உள்ள நம் இந்தியத் தூதரகத்துக்குப் போனோம். கவுன்டரில் ஓர் இளைஞர், நம்ம தமிழ்ப் பையன்.

"ஆதாரம் மேடம்?"

"தம்பி, நான் ஓசூர்லேருந்து வந்திருக்கேன். இதோ நிக்கிறேன். இவர் பக்கத்துலதான் நிக்கிறேன்."

"புரியுது மேடம். ஆனா போட்டோ ஏத்தாம சிஸ்டம் அடுத்த பக்கத்துக்குப் போகாது."

வராந்தாவில் நின்றோம். வரிசையில் இருந்த ஒருவர் எடுத்துக் கொடுத்தார். தூக்கம் கெட்ட இரண்டு முகங்கள், எப்போதும் போலத் தள்ளித் தள்ளி. ஏற்றினோம். சிஸ்டம் ஏற்றுக்கொண்டது. கிருஷ்ணகிரியில் உதவாத அதே கடுகடு முகம்!

மாமியாரை நாத்தனார் பார்த்துக்கொள்கிறார். விசா கையில் வந்ததும் போன சனிக்கிழமை இருவரும் சேர்ந்து வந்து இறங்கினோம். ஏர்போர்ட் கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி மின்னிடம் கேட்டார், எதற்காக வந்திருக்கிறீர்கள் என்று.

"வீட்டுக்குப் போறேன்," என்றார் மின், தமிழில்.

அவர் திரையில் மேலும் கீழும் தேடினார். "அந்த ஆப்ஷன் இல்ல சார்," என்று சொல்லி 'இதர' என்பதைத் தட்டினார்.