ஒட்டிக்கொண்ட கட்-அவுட்

என் மகனின் பழைய காரில் மெக்கானிக் ரிலே என்ற மின் சுவிட்சைத் திறந்ததும் கருகிய வாடை வந்தது.

எனக்கு ஒன்பது வயதில், உறையூரில் ஒரு முதலாளியிடம் என் அத்தா டிரைவராகச் சேர்ந்தார். தினமும் கார் பேட்டரி இறங்கிப்போவது கவனக்குறைவால்தான் என்று, முந்தைய டிரைவர் காசிமை முதலாளி வேலையைவிட்டு நிறுத்தியிருந்தார். டைனமோவுக்கும் பேட்டரிக்கும் நடுவில், வண்டி நின்றதும் பேட்டரியின் மின்சாரம் திரும்பி ஓடாமல் துண்டித்துவிடும் கட்-அவுட் பெட்டியை அத்தா திறந்து பார்த்தார். உள்ளே முனைகள் கருகி ஒட்டியிருந்தன. உப்புத்தாளால் தேய்த்துப் பிரித்துவிட்டார். அதன் பிறகு பேட்டரி இறங்கவில்லை.

"தப்பு காசிம் மேல இல்லைங்க. எல்லாம் இந்தப் பெட்டி பண்ணின வேலை" என்று முதலாளியிடம் சொன்னார்.

மறுநாளே காசிமைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அத்தாவுக்கு வேலை போயிற்று.

"உங்களை யாரு சொல்லச் சொன்னா?" என்று அம்மா அழுதாள்.

"தெரிஞ்சுபோச்சே, எப்படிச் சொல்லாம இருக்கிறது?" என்ற அத்தா, சோறு போடச் சொன்னார். அன்றைக்கு நன்றாகவே சாப்பிட்டார்.