அப்பா சொன்னபடியே

பல்கலைக்கழகத்தில் நான் பழைய கிரேக்கம் படிப்பிக்கிறேன். கிரேக்க நாட்டின் ஆதிச் சிந்தனையாளர்கள் எழுதியவை அநேகமாக அழிந்துவிட்டன. பின்னால் வந்தவர்கள், பலர் மறுத்துப் பேசுவதற்காகவே, எடுத்துச் சொன்ன துண்டுகள்தான் மிச்சம். அவர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்களா என்று முதல் வகுப்பிலேயே பிள்ளைகள் கேட்பார்கள். எனக்கு உடனே அப்பாவின் முப்பத்தோராம் நாள் காரியம் ஞாபகம் வரும்.

அப்போது எனக்கு எட்டு வயது. நகரத்தின் நெருக்கமான பகுதியான பார்க்டேலில் எங்கள் அப்பார்ட்மென்ட் நிறையச் சனம். அப்பாவைப் பற்றி அச்சடித்த நினைவுப் புத்தகத்தை எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்களவர்கள் அதைக் கல்வெட்டு என்பார்கள். 'கல்விதான் எங்கள் சொத்து' என்று தம்பி அடிக்கடி சொல்வான் என அதில் பெரியப்பா எழுதியிருந்தார். அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதேயில்லை. பெரியப்பாதான் எங்களைக் கண்டபோதெல்லாம் அதைச் சொல்லி அறுப்பார். அத்தை தன் பங்குக்கு, அண்ணர் ஒருவரையும் கடிந்து பேசாதவர் என்று எழுதியிருந்தார். வேறு யாரையோ பற்றிய புத்தகம் மாறி வந்துவிட்டதோ என்று எனக்குச் சந்தேகம். அப்பாவின் குரல் அதற்குள்ளேயே எனக்கு மறக்கத் தொடங்கியிருந்தது. அதை நினைத்தால் பயமாக இருந்தது.

நகரத்துக்கு வெளியே தள்ளியிருக்கும் விட்பியிலிருந்து மாமாவும் வந்திருந்தார். அம்மாவின் தம்பி. அங்கே அவர் வாங்கிய புதுவீட்டின் குடிபூரலில் அப்பா ஏதோ சொல்லப்போய், அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. கல்வெட்டை வாசித்துக்கொண்டிருந்தவர் திடீரென்று வெடித்தார்.

"அத்தான் ஒருத்தரையும் ஏசாதவரோ? என்ர வீட்டுக்கை நிண்டு என்ன சொன்னவர் தெரியுமோ? 'தம்பி, வீடு வடிவாத்தான் இருக்கு. ஆனா இதுக்கை செத்துக் கிடந்தாலும் நாறினாப் பிறகுதான் சனத்துக்குத் தெரியும். பார்க்டேலிலை நான் தும்மினா மேல்வீட்டுக்காரன் சுகமோ எண்டு கேப்பான்.'"

நடுவில் அப்பா செருமுவதுபோலச் செருமவும் தவறவில்லை. பெரியப்பா அவரை அதட்டி இருத்தினார். அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார், தோள்கள் குலுங்கின. அம்மாவை அழவைத்துவிட்டாரே என்று எனக்கு மாமாமேல் பற்றிக்கொண்டு வந்தது.

சனம் போனபிறகு குசினியில் பாத்திரம் கழுவும் சத்தத்துக்கிடையே அம்மாவின் குரல் கேட்டது.

"தம்பி, அவர் சொன்னதை இன்னொருக்காச் சொல்லு."

மாமா சொன்னார். ஒரு சொல் மாறவில்லை. செருமலும் அதே இடத்தில் வந்தது. அம்மா சிரித்தார். பிறகு, இன்னொருக்கா என்றார்.

அப்பாவைப் பிடிக்காத மனிதரிடம் போய் அம்மா ஏன் இப்படிக் கெஞ்சுகிறார் என்று ஆத்திரத்தோடு கதவைச் சாத்தினேன். அப்பாவின் குரலில் இன்று என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தச் செருமலும், மாமா விடாமல் கோபித்துக் காப்பாற்றி வைத்திருந்த அந்த மூன்று வசனங்களும்தான்.