கல்பேனியில் நான் கெடுத்த கிணறு

எழுபத்து நாலாம் வருஷம், மார்ச் மாதம். விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஆரம்பாக்கத்தில் பாசஞ்சர் ஏறினேன். கும்மிடிப்பூண்டியில் பம்புசெட் செய்யும் ஒரு கம்பெனியில் நான் ஃபிட்டர். லட்சத்தீவுகளில் ஒன்றான கல்பேனியில், பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர் இறைக்க எங்கள் டீசல் பம்பு ஒன்றை வாங்கியிருந்தார்கள். அதை மாட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவதுதான் என் வேலை.

கும்மிடிப்பூண்டி பிளாட்பாரத்தில் போர்மேன் ஏழுமலை ஸ்பேனர் பையை ஜன்னல் வழியே கொடுத்துவிட்டுச் சிரித்தார்.

"சுத்திலும் கடலு, தண்ணிக்கு இன்னாப்பா பஞ்சம்? மெஷினை இறக்கிட்டு வந்துகினே இரு."

நானும் அப்படித்தான் நினைத்தேன். எங்கள் பக்கத்துக் கழனிகளில் நான் பம்பு இறக்காத கிணறு குறைவு. அந்தத் தலைக்கனத்தையும் பையோடு சேர்த்து கொச்சி வரை சுமந்துகொண்டு போனேன்.

கொச்சியில் மாலை மூன்று மணிக்குக் கப்பல் கிளம்பியது. கல்பேனிக்குச் சுமார் நூற்றிருபது கடல் மைல். நான் சாப்பிட்டதெல்லாம் முதல் முப்பது மைலுக்குள் கடலுக்கே போய்ச் சேர்ந்தது. காலை ஏழு மணிக்குக் கண் திறந்தால், கப்பல் நடுக்கடலில் நிற்கிறது. பவளப்பாறை மறிப்பதால் கிட்டே போகாதாம். நூலேணியில் இறங்கிப் படகில் போக வேண்டும்.

பாறையைத் தாண்டிப் படகு காயலுக்குள் நுழைந்ததும் நான் விளிம்பைப் பிடித்துக் குனிந்து பார்த்தேன். பழவேற்காட்டு ஏரியின் கலங்கலைப் பார்த்து வளர்ந்தவன் நான். இங்கே இரண்டு ஆள் ஆழத்தில், வெள்ளை மணலில், எங்கள் படகின் நிழல் கூடவே வந்தது. அந்தத் தண்ணீர் நீலமா பச்சையா என்று கேட்டால் இன்றும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கரையில் காத்திருந்தவர் முத்துக்கோயா. கப்பலில் வேலை பார்த்து, நாலு வருஷம் ராயபுரத்தில் தங்கியவர். "வாங்க மேஸ்திரி, நாஷ்டா ஆச்சா?" என்று அவர் கேட்டபோது கட்டிப்பிடிக்கத் தோன்றியது. ஒரு இளநீர் பதினைந்து பைசா. இரண்டு குடித்துவிட்டுத் தீவின் குறுக்கே நடந்தோம். கால்மணி நேரம்கூட ஆகவில்லை, எதிர்ப்பக்கத்துக் கடல் வந்துவிட்டது. இவ்வளவு ஒல்லியான தரையிலா இத்தனை பேர் தூங்குகிறார்கள் என்று பயமாகவே இருந்தது.

கிணறு பள்ளிக்கூடத்தை ஒட்டி, பாத்தும்மா என்ற பெண்மணியின் தோட்டத்தில் இருந்தது. அங்கே வீடும் கிணறும் பெண்களுக்குத்தான் சொந்தமாம். சுற்றியுள்ள வீடுகளும் அதில்தான் குடிக்கின்றன. இடுப்பளவு தண்ணீர், அவ்வளவு இனிப்பு.

மறுநாள் காலை பம்பை மாட்டினேன். முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் வற்றி, குழாய் காற்றை இழுத்தது. எங்கள் ஊரில் இதற்கு ஒரே வைத்தியம், கிணற்றை ஆழப்படுத்துவது. முத்துக்கோயா கப்பல் சரக்கு இறக்கப் போயிருந்தார். நான் கடப்பாறையோடு இறங்கினேன். பாத்தும்மா ஓடிவந்து, கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொன்னார். அவர் மொழி எனக்குப் புரியவில்லை. "கவலப்படாதம்மா, நான் பாத்துக்கறேன்" என்று சிரித்தேன். அடியிலிருந்த பவளக்கல் வெல்லம் போல உடைந்தது. மூன்று அடி தோண்டிக் குழாயை அடிவரை இறக்கினேன். தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டியது.

மூன்று மணிக்குப் பாத்தும்மா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நானும் குடித்தேன். கடல்.

முத்துக்கோயா வந்து தலையில் கை வைத்துக்கொண்டார். "இன்னா வேலை பண்ணிட்டீங்க மேஸ்திரி! இங்க மழைத்தண்ணி கடல் மேல மெதந்துகினு கீது. மேலால மொண்டுக்கணும். நீங்க அடியில ஓட்டை போட்டு கடலை உள்ள கூப்ட்டுட்டீங்க."

நான் நம்பவில்லை. அவர் கிணற்றுச் சுவரில் கரியால் ஒரு கோடு போட்டு உட்காரச் சொன்னார். வெளியே கடல் ஏற ஏற, கிணற்றில் தண்ணீரும் மெல்ல ஏறிக் கோட்டை மூடியது. மூச்சு விடுகிற ஒன்றின் வயிற்றில் நான் கடப்பாறை போட்டிருக்கிறேன்.

"சரியாவுமா?"

"தெரியாது. தோண்டினதை மூடிட்டு பாத்துகினு இருக்கணும்."

பவள மணலைக் கூடை கூடையாய்க் கொட்டி மூடினோம். மறுநாள் கப்பல் கிளம்பியது, நான் ஏறவில்லை. அடுத்த கப்பலுக்குப் பன்னிரண்டு நாள். கம்பெனிக்குத் தந்தி கொடுத்துவிட்டு, தூரத்துக் கிணற்றிலிருந்து அந்த வீடுகளுக்கெல்லாம் காலையும் மாலையும் தண்ணீர் சுமந்தேன். பாத்தும்மா என்னைத் திட்டவில்லை. பசி வேளைக்குச் சோறும் மீனும் மட்டும் வைத்துவிட்டுப் போவார். அதுதான் அதிகம் சுட்டது.

நாலாம் நாள் உப்பு. ஏழாம் நாள் உப்புப் போட்ட கஞ்சி அளவுக்கு. பத்தாம் நாள் காலை, பாத்தும்மா கழியில் கட்டிய கொட்டாங்கச்சியால் கிணற்று நீரை மேலோடு மேலாக மொண்டு குடித்தார். மறுபடி மொண்டு என்னிடம் நீட்டினார். இனிப்பு. நான் அழுதேன், மறைக்கவும் இல்லை.

பிறகு காலி டின்னில் குழாய் முனையைக் கட்டி, மேல்மட்டத்திலேயே மிதக்கவிட்டேன். கால்மணி நேரம் ஓட்டினால் அடுத்த வேளை வரை நிறுத்தி வைக்க வேண்டும் என்று எழுதி ஒட்டினேன். முத்துக்கோயா அதைத் தங்கள் பேச்சில் படித்துச் சொல்ல, பாத்தும்மா முதன்முறையாகச் சிரித்தார்.

ஊர் திரும்பிய வாரமே, பழவேற்காட்டு உப்பேரிப் பக்கம் கழனி வைத்திருக்கும் ஒருவர் ஆள் அனுப்பினார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் கிணற்றை ஆழப்படுத்திப் பம்பு இறக்கியவன் நான்தான். நாற்று கருகுதாம், இன்னும் ஆழமாகப் போக வேண்டுமாம். போய் வரப்பில் நின்றால் ஏரி கண்ணுக்குத் தெரிகிறது. கிணற்றுத் தண்ணீரை ஒரு கை அள்ளிக் குடித்தேன். அந்த ருசி எனக்குத் தெரியும்.

"இன்னா மேஸ்திரி, இன்னும் எத்தினி அடி போலாம்?"

கடப்பாறையைக் கீழே வைத்தேன்.

"ஆழம் வாணாம் நைனா. நாலு வண்டி மணல் கொட்டி, தோண்டினதை மூடு."