ரீச்சரின் காரில் நான் தேடிய ஒழுக்கு

கொட்டாஞ்சேனையில் உள்ள என் கராஜின் தரையில், பழைய பெட்ஷீட் ஒன்றின் மேல், ஒரு மின்சாரக் காரின் டேஷ்போர்ட் முழுதாகக் கழற்றிக் கிடந்த காட்சி இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. ஆணிகளைத் தட்டுத் தட்டாகப் பிரித்து, எது எங்கிருந்து வந்தது என்று பேப்பரில் எழுதி வைத்திருந்தேன். அவ்வளவு ஒழுங்காக ஒரு பிழையை நான் அதற்கு முன்பும் செய்ததில்லை, பிறகும் செய்ததில்லை.

கார், பள்ளிக்கூடத்தில் படிப்பித்த ஒரு ரீச்சருடையது. வெள்ளவத்தையில் கடலுக்குக் கிட்ட ஒரு ஃபிளாட்டில் அவரும் கணவரும் இருந்தார்கள். கணவர் வங்கி மனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிடுவேன். ரீச்சருக்குப் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை மருந்து ஏற்ற மகரகம ஆஸ்பத்திரிக்குப் போய்வர வேண்டும். பெற்றோல் வரிசையில் நின்று எல்லோரும் நொந்து போயிருந்த காலம் அது. அம்மா வெயிலில் அலையக்கூடாது என்று மெல்பேர்னில் இருக்கும் ஒரே மகள்தான் பிடிவாதமாக நின்று அந்தக் காரை வாங்க வைத்தாள். வாங்கிச் சில மாதத்திலேயே ஏசியின் குளிர் குறையத் தொடங்கிவிட்டது.

ஐயா காரைக் கொண்டுவந்த அன்று ரீச்சரும் வந்திருந்தார். மெலிந்து, தலையில் துணி சுற்றியிருந்தார். "தம்பி, எனக்குக் குளிர் வேணுமெண்டில்லை. வெக்கை அடிச்சால் ஓங்காளம் வருது, அதுதான்" என்றார். அடுத்த மருந்து வியாழக்கிழமை. அதற்கு முன் முடித்துத் தருவதாகச் சொன்னேன்.

எனக்கு அப்போது கொஞ்சம் தலைக்கனம். மின்சாரக் காரின் ஏசியைக் கண்டவனும் தொடக்கூடாது, அதன் கொம்பிரஸருக்கு ஊற்றும் எண்ணெயே வேறு, மாறி ஊற்றினால் காரே நின்றுவிடும் என்று ஐயாவுக்கு ஒரு பிரசங்கம் வைத்தேன். சொன்னதெல்லாம் உண்மைதான். பிறகு புதிதாக வாங்கிய மெஷினை எடுத்தேன். காஸ் ஒழுகும் இடத்தில் அதன் மூக்கை வைத்தால் கீச்சிடும். குளிர்காற்று வரும் துவாரத்தில் வைத்ததும் விடாமல் கீச்சிட்டது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் எவாப்பரேட்டர், அதாவது காற்றைக் குளிராக்கும் பெட்டி, ஓட்டையாகிவிட்டது என்று முடிவு கட்டினேன். நல்ல காலம் என்னிடம் வந்தீர்கள் என்று வேறு சொன்னேன். மெஷினிடம் கேட்டேனே தவிர, அந்தக் காரில் இருந்து போகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டு நாள் எடுத்து டேஷ்போர்டைக் கழற்றினேன். எவாப்பரேட்டரை வெளியே எடுத்தவன் அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமல் புதியதற்குச் சொல்லியனுப்பினேன். அது ஜப்பானில் இருந்து வர வேண்டும். வியாழக்கிழமையும் வந்துவிட்டது.

அன்று ஐயா போனில் பதிந்த இரண்டு வாடகைக் கார்களும் வராமல் ஏமாற்றிவிட்டன. நேரம் போய்க்கொண்டிருந்ததால் ரோட்டில் வந்த ஓட்டோவை மறித்து ஏறிவிட்டார்கள். உச்சி வெயில். தெஹிவளையைத் தாண்டுவதற்குள் மூன்று தடவை ஓட்டோவை நிறுத்தி ரீச்சர் ஓங்காளித்தாராம். திரும்பி வந்ததும் காய்ச்சல். "இனி என்னாலை ஏலாது" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு அவர் மருந்துக்கே போகவில்லை.

சனிக்கிழமை சும்மா இருந்த கைக்கு வேலை கொடுக்க, பழைய எவாப்பரேட்டருக்குள் காற்றை அடைத்துத் தண்ணீரில் அமுக்கினேன். ஒரு குமிழிகூட வரவில்லை. காரில் அப்போது துளி காஸும் இல்லை. ஆனால் தரையில் கிடந்த டேஷ்போர்டின் துவாரத்தில் மெஷினை வைத்தபோது அது மறுபடி கீச்சிட்டது. குனிந்து மணந்து பார்த்தேன். ஓடிக்கொலோன். காய்ச்சல்காரருக்கு நெற்றியில் நனைத்துப் போடுவோமே, அதுதான். வயிற்றைப் பிரட்டாமல் இருக்க ரீச்சர் அதைத் துவாரத்துக்குள் தெளித்துத் தெளித்து, அடியில் இருந்த பஞ்செல்லாம் ஊறிப் போயிருந்தது. அந்த ஸ்பிரிட்டுக்கும் என் மெஷின் கீச்சிடும் என்பது எனக்குத் தெரியாத விஷயமில்லை. உண்மையான ஒழுக்கு காரின் முன்பக்கத்தில் சூட்டை வெளியே விடும் கொண்டென்சரில், கடற்காற்று அரித்த ஒரு மூலையில் இருந்தது. அது அரை நாள் வேலை.

ஐயாவிடம் இரண்டு இடத்திலும் ஒழுக்கு என்று பொய் சொன்னேன். அவர் நம்பினார். இரண்டு மாதத்தில் ரீச்சர் போய்விட்டார். அந்த ஒரு ஓட்டோப் பயணம்தான் அவரைக் கொன்றது என்று எந்த டொக்டரும் சொல்லமாட்டார். எனக்கும் தெரியும். தெரிந்தும் நெஞ்சு ஆறவில்லை.

முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்து ஒரு வாரத்தில் ஃபிளாட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் தன்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள் என்று ஐயா அப்போதுதான் சொன்னார். கார் இருக்க அம்மாவை ஏன் ஓட்டோவில் ஏற்றினீர்கள் என்பதுதான் அவளுடைய கடைசிக் கேள்வியாம். நானே அவளிடம் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. அவளுக்கு ஆரையாவது கோவிக்க வேணும். என்னைக் கோவிச்சால் நான் தாங்குவன். என்னிலை பிழையில்லையெண்டு தெரிஞ்சால், முகம் தெரியாத உம்மையில்லை, நேரத்துக்கு வராமல் விட்டிட்டன் எண்டு தன்னைத்தான் கோவிப்பாள்."

அவளிடம் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு வருடமாகிறது. ஐயா இப்போதும் காரை என்னிடம்தான் கொண்டுவருகிறார். போன மாதம் வந்தபோது படி இறங்கவே கஷ்டப்பட்டார். மகள் போன் எடுத்துக் கதைத்தாளா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். இனியும் அவருக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற எனக்கு மனமில்லை.

மெல்பேர்னில் இருக்கும் தங்கச்சி, நீங்கள் அன்று இங்கே வந்திருந்தாலும் கார் என் கராஜில்தான் பிரித்துக் கிடந்திருக்கும். உங்கள் அம்மா ஓட்டோவில்தான் போயிருப்பார். அது உங்கள் பிழையுமில்லை, அப்பாவின் பிழையுமில்லை. அப்பாவுக்கு ஒருக்கால் போன் எடுங்கள்.