ஐசியில் இருக்கும் பிறந்த நாள்

நீலாய் நகரில் வேலை செய்யும் என் மகள் ஸ்மார்ட் காண்ட்ராக்ட் என்ற நிரல் எழுதுகிறாள். ஒருவரின் விவரங்களை நெருக்கிக் கட்டிய பைட்டுகளை அது பிரித்து, பெயர், பிறந்த நாள், ஊர் என்று அதனதன் கட்டத்தில் வைக்க வேண்டும். பிளாக்செயின் என்ற கணினிப் பதிவேட்டில் ஒருமுறை ஏற்றிவிட்டால் திருத்த முடியாதாம். அன்று சாயங்காலமே ஏற்றியாக வேண்டும். என் அடையாள அட்டையான ஐசியை அட்டை படிக்கும் கருவியில் செருகி, வந்த பைட்டுகளை வைத்துச் சோதித்தாள்.

"மா, நீங்க எப்பப் பிறந்தீங்க?"

"தைப்பூசத்துக்கு மறுநாள்."

திரையில் ஆகஸ்டு என்று வந்திருந்தது. பைட்டுகளை வெட்டும் இடம் பிசகிவிட்டது என்று தலையில் கைவைத்தாள்.

எனக்குச் சொல்லவே கூச்சமாக இருந்தது. "ஐசில இருக்கிறது எஸ்டேட் ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணி போட்ட தேதிலா. உன் தாத்தா லேட்டாத்தான் போய்ப் பதிஞ்சாரு."

"அட, அப்ப என் புரோகிராம் சரிதான்! கிராணிதான் தப்பா ஏத்திட்டாரு."

சிரித்துக்கொண்டே அப்போதே ஏற்றிவிட்டாள். "சரி, கேக் எப்ப வாங்கட்டும்?"

"ரெண்டுக்கும் வாங்கேன்" என்றேன் மெதுவாக.