அந்தோணியின் தவக்காலம்

பாத்திமா மேரி அக்கா வீட்டுக்குப் போனால் சாப்பிடாமல் திரும்ப முடியாது. இது பாராட்டு இல்லை, எச்சரிக்கை. திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷன் அருகே பஜ்ஜிக் கடை போட்டிருக்கிற மனுஷி. யாராவது வயிறு நிறைந்துவிட்டது என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். புருஷன் போய்ச் சேர்ந்து, மகனும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன பிறகு, அந்தக் கோபத்துக்கு ஆள் பக்கத்து வீட்டுக்காரியான நான்தான். என் ஜாக்கெட்டுகளையெல்லாம் பிரித்துத் தைக்க வேண்டியதாயிற்று.

தானே புயல் ஓய்ந்த மறுநாள், தெருக்கோடியில் சாய்ந்து கிடந்த வாதாம் மரத்தடியில் ஒரு கிளி கிடந்தது. இறக்கையில் அடி. அக்கா அதை முந்தானையில் சுற்றி எடுத்து வந்து, அந்தோணி என்று பெயர் வைத்து, கூண்டும் வாங்கினாள். அப்புறம் ஊட்ட ஆரம்பித்தாள். பஜ்ஜி, டீயில் நனைத்த பன், அண்ணாகிராமத்திலிருந்து அவள் அண்ணன் கொடுத்தனுப்பும் முந்திரி. தெரு சும்மா இருக்குமா? போகிறவர் வருகிறவரெல்லாம் கம்பிக்குள் மிக்சரும் முறுக்கும் நீட்டினார்கள்.

இறக்கை ஆறியது. ஆனால் அந்தோணி பறக்கவில்லை. பூசணிக்காய் மாதிரி ஊதி, கூண்டின் தரையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினான். கூண்டைத் துண்டால் மூடிக்கொண்டு அக்காவும் நானும் சிதம்பரம் பஸ் ஏறினோம். அங்கே பறவைகளுக்குப் பார்க்கும் டாக்டர் ஒருவர் வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"கொழுப்பு ஜாஸ்தியாகி ஈரல் வீங்கியிருக்கும்மா. எண்ணெ, உப்பு, டீ, பன்னு எதுவும் கூடாது. கொய்யா, கீரை, மொளகட்டுன பயறு, கம்பு குடுங்க. இப்படியே போனா ரொம்ப நாள் தாங்காது."

திரும்பும்போது அக்கா கூண்டை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாள். முதுநகர் தாண்டியதும், "நானே கொல்லப் பாத்திருக்கேன், புஷ்பா" என்றாள்.

ஆனால் சொன்னதோடு சரி. மறுநாள் அந்தோணி கொய்யாவைத் தள்ளிவிட்டுக் கத்தினான். அக்கா உருகிப்போய் அரைப் பஜ்ஜி கொடுத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீ ஊட்டலக்கா, அதுக்குப் பாடை கட்டுற" என்று கத்திவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வாரமே சாம்பல் புதன். கோயிலில் நெற்றியில் சாம்பல் வாங்கிக்கொண்டு வந்த அக்கா, அதில் கொஞ்சம் தொட்டுக் கூண்டின்மேல் சிலுவை போட்டாள். "இன்னிலேர்ந்து அந்தோணிக்கும் தவக்காலம். ஈஸ்டர் வரைக்கும் பலகாரம் கெடையாது" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்தாள். நான் சிரித்தேன். ஆனால் எங்கள் தெருவில் முக்கால்வாசிப் பேர் வேதக்காரர்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னபோது காதில் போட்டுக்கொள்ளாதவர்கள், ஒருத்தன் நோன்பைக் கெடுத்த பாவம் நமக்கெதற்கு என்று முறுக்கு நீட்டுவதை நிறுத்திவிட்டார்கள்.

நல்லதைத் தின்ன வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. அக்கா எதைத் தின்கிறாளோ அதுதான் அவனுக்கு வேண்டும். அது புரிந்ததும், கூண்டின் முன்னால் உட்கார்ந்து பச்சைப் பயறையும் கீரைத் தண்டையும் தானே மென்றாள். "ருசியா இருக்குடா" என்று முகம் சுளிக்காமல் பொய் சொன்னாள். அவன் கழுத்தை நீட்டிப் பிடுங்கித் தின்றான். நாளாக ஆகக் கம்பியில் ஏறினான், இறக்கையை விரித்து அடித்துப் பார்த்தான்.

தவக்காலம் என்றால் ஒருநாள் முடியும் என்பதை மட்டும் அக்கா மறந்துவிட்டாள். ஈஸ்டர் காலை, பூசை முடிந்து தெருவே தட்டோடு வந்து நின்றது. கேக், அச்சு முறுக்கு, அதிரசம் எல்லாம் நோன்பிருந்த அந்தோணிக்கு! வீடு தேடி வந்த பலகாரத்தை அவள் வேண்டாம் என்று சொன்னதே கிடையாது. முகம் வெளுத்துவிட்டது.

"அவன் இன்னும் ஞானஸ்நானம் வாங்கலியே. அவனுக்கு ஏது ஈஸ்டர்?" என்று சமாளித்தாள்.

"அப்ப தவக்காலம் மட்டும் எப்படி வந்துச்சி?" என்று எதிர்வீட்டு ஞானராஜ் மடக்கினார். சிரித்துக்கொண்டே கூண்டைத் திறந்து முறுக்கை நீட்டினார்.

வெளியே வந்த அந்தோணி, கூட்டம் போட்ட சத்தத்தில் மிரண்டு எழும்பினான். எங்கள் தலைக்கு மேலே, துணிக்கொடிக்கு மேலே போய், என் வீட்டு ஓட்டில் உட்கார்ந்தான். புயலுக்குப் பிறகு அவன் பறந்தது அதுதான் முதல் தடவை.

"முறுக்கக் காட்டுங்கக்கா, எறங்கிடுவான்" என்றார்கள். இறங்குவான், சந்தேகமே இல்லை. காட்டாவிட்டால் போய்விடவும் கூடும். போய்விட்டால் அந்த வீட்டில் அவளுக்கு வேறு யார்? அக்கா ஞானராஜிடமிருந்து முறுக்கை வாங்கினாள். தட்டிலேயே திரும்ப வைத்தாள். உள்ளே போய் ஒரு கொய்யாவோடு வந்து, ஒரு கடி கடித்து, மீதியை உயர்த்திப் பிடித்தாள்.

"இதான்டா இருக்கு. வர்றதுன்னா வா, போறதுன்னா போ."

அந்தோணி தலையைச் சாய்த்துப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான், மறுபடியும் அவளைப் பார்த்தான். பிறகு இறங்கி வந்து அவள் தோளில் உட்கார்ந்து கொய்யாவைக் கொத்தினான்.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூண்டைப் பரணில் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள். அவன் தலையைத் தடவி, "பறக்குற அளவுக்குத்தாண்டா இனிமே சோறு" என்றாள்.