காலையில் சாப்பிட்ட இடம்

கணவர் இறந்து ஒரு வருடம் முடிவதற்குள் கொழும்பு வீட்டைப் பூட்டிவிட்டு மட்டக்களப்புக்கு வந்தேன். வடிவமைப்புப் படிப்பிக்கும் சிறிய நிறுவனமொன்றில் ஓர் ஆசிரியருக்கு இடம் இருந்தது. வாவிக்கரையில் ஒரு மேல்மாடி வாடகைக்குக் கிடைத்தது. கீழ்வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். வகுப்பு முடிந்து நான்கு மணிக்குப் பிள்ளைகள் பஸ் பிடிக்க ஓடிவிட்டால், மறுநாள் காலை வரை எனக்குப் பேச ஆளில்லை. தேத்தண்ணி போடும்போது “சீனி முடியப்போகுது” என்று சத்தமாகச் சொல்வேன், குரல் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக.

முதற்பருவத்தில் பிள்ளைகளைக் கணினிப் பக்கம் விடவில்லை. கொலாஜ்தான். பழைய பத்திரிகை, சீமெந்துப் பை, உடுப்புக்கடைப் பெட்டி, பிஸ்கட் உறை என்று வீட்டில் கிடைப்பதைக் கொண்டுவந்து, கையால் கிழித்து, கோதுமை மாப் பசையால் ஒட்ட வேண்டும். கத்தரிக்கோலும் பென்சிலும் கூடாது. கோடு நேராக வரவில்லை என்று முதலில் முகம் வாடுவார்கள். கிழிந்த ஓரத்தில் தெரியும் வெள்ளை நார் படத்துக்குள் வெளிச்சமாக நிற்பதைப் பார்த்த பிறகு யாரும் கத்தரிக்கோல் கேட்டதில்லை.

மாரி தொடங்கிய ஒரு நாள், அன்று காலை சாப்பிட்ட இடத்தை ஒட்டச் சொன்னேன்.

வவுணதீவிலிருந்து வரும் பிள்ளை அடுப்பும் பானையுமாக ஒரு குசினியைச் செய்திருந்தாள். அதில் முழங்காலுக்குக் கீழே இரண்டு கால்கள் மட்டும் நின்றன.

“மிச்ச ஆள் எங்க?” என்றேன்.

“அப்பா வயல் வட்டைக்குப் போற அவசரத்தில நிண்டுகொண்டுதான் சாப்பிடுவார் மிஸ். நான் கீழ பாயில இருக்கிற. எனக்குக் கால்தான் தெரியும்.”

காத்தான்குடிப் பிள்ளையின் படத்தில் சீனிப் பேணியில் சாய்ந்தபடி ஒரு வெள்ளித்தாள் துண்டு இருந்தது. “அது வாப்பா மிஸ். கட்டார்ல இரிக்கார். நாங்க சாப்பிடக்குள்ள அவரும் போன்ல எங்களோட சாப்பிடுவார்” என்றாள். பிறகு, “நீங்களும் ஒண்டு செய்யுங்களன்” என்றாள்.

செய்தேன். மேசை, இரண்டு கதிரைகள், ஒரு சாப்பாட்டுப் பீங்கான், ஜன்னலுக்கு நீலத்தாள். அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“மற்றக் கதிரைய ஏன் மிஸ் மேசைக்குள்ள தள்ளி வெச்சிரிக்கீங்க?”

நான் அப்படி ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். “அதில ஒருத்தரும் இருக்கிறதில்ல புள்ள” என்றேன்.

வகுப்பறைக் கூரை ஒழுகத் தொடங்கியதால் எல்லாப் படங்களையும் ஓட்டோவில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மழை நிற்கவில்லை. உன்னிச்சைக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். வகுப்புகளை நிறுத்தினார்கள். பிறகு கரண்ட் போனது. வாவி வீதியைக் கடந்து கீழ்ப்படி வரை வந்து நின்றது. நான் மேலேயே அடைபட்டேன்.

ஈரக்காற்றில் பசை இளகி, துண்டுகள் கழன்றன. பசையைத் தேடிக் கரப்பான்பூச்சிகள் வேறு வந்தன. படங்களைக் கட்டிலிலும் தரையிலும் பரப்பி, அடுப்பில் புதிதாகப் பசை காய்ச்சி, பழைய பசையின் தடத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு துண்டையும் திரும்ப ஒட்டினேன். “இது யாருடைய புட்டு?” என்று கேட்டுக்கொண்டே தேடினேன். வீடு முழுக்கக் காலைச் சாப்பாடு. எல்லோருக்கும் பக்கத்தில் யாரோ இருந்தார்கள், கால்களாகவாவது. எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை. பொறாமையாக இருந்தது. என்னிடம் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேனே என்று வெட்கப்பட்டுக்கொண்டு, உலர்ந்த பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டேன்.

அன்று பின்னேரம் வவுணதீவுப் பிள்ளை அழைத்தாள். அவள் குரலுக்குப் பின்னால் நிறையப் பேரின் இரைச்சல்.

“மிஸ், என்ட படம் நனைஞ்சிட்டா?”

“இல்ல, பத்திரமா இருக்கு. நீங்க எங்க நிக்கிறீங்க?”

“பள்ளிக்கூடத்தில மிஸ். எல்லாரும் இஞ்சதான். வீட்டுக்குள்ள தண்ணி. குசினிச் சுவர் விழுந்திட்டு.”

அவளுடைய குசினி என் கட்டிலில், கைக்கெட்டும் தூரத்தில் காய்ந்துகொண்டிருந்தது. “அப்பா அம்மா சுகமா?” என்றேன். “ஓம் மிஸ்” என்றாள். “நீங்க தனியத்தானே. சாப்பிட்டீங்களா?” நான் பதில் சொல்வதற்குள் என் போனில் சார்ஜ் முடிந்துவிட்டது.

தண்ணீர் வடிந்து வகுப்பு தொடங்கிச் சில நாட்களின் பின்னரே அவள் வந்தாள். படத்தைக் கொடுத்தேன். கூர்ந்து பார்த்துவிட்டு, “கதவு இந்தப் பக்கம் இல்ல மிஸ்” என்றாள். நான் இடம் மாற்றி ஒட்டியிருந்தேன். கதவை நகத்தால் மெதுவாகக் கிளப்பி, இருக்க வேண்டிய இடத்தில் வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா புதுக் குசினிய வேற பக்கமாக் கட்டப்போறாராம். இத அம்மாட்டக் குடுக்கட்டா?”

“கொண்டு போங்க” என்றேன்.

அன்றும் நான்கு மணிக்கு எல்லோரும் போனார்கள். அவள் படத்தைப் பொலித்தீன் பையில் சுற்றி, மார்போடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறியதை ஜன்னலால் பார்த்தேன். தரையில் கிடந்த காகிதத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது காவலாளி திறப்புக் கோர்வையோடு வாசலில் வந்து நின்றார்.

“பூட்டட்டா மிஸ்?”

“கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளின் வாங்கு ஒன்றில் உட்கார்ந்துகொண்டேன்.